மஞ்சளுக்கு அடியில்

உபால்டோ கவாசோஸுக்குத் தன் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்க்கவே பிடிக்காது. உள்ளே ஒட்டியிருந்த விசாவில் படம் அவனுடையது, பெயர் அவனுடையது. ஆனால் கீழே சின்ன எழுத்தில் அவன் மனைவி நெரெய்தாவின் பெயர் இருந்தது. அவள் இந்த நாட்டில் வேலை பார்க்க வந்தவள், இவன் அவளோடு கூட வந்தவன் என்று அதற்கு அர்த்தம். அவளுக்கு வேலை இருக்கிறவரை இவனும் டெக்சஸில் இருக்கலாம். படிக்கலாம், கார் ஓட்டலாம், சமைக்கலாம், சும்மா இருக்கலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம், சொந்த ஊரான மான்டெர்ரேயில் ஒன்பது வருடம் பாலம் கட்டியவனுக்கு இது எப்படி இருக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் இஞ்சினியர்கள். ஒரே கல்லூரி. நெரெய்தா இரண்டு வகுப்பு கீழே. "என் நோட்டைப் பாத்து பரீட்சை எழுதினவ" என்று உபால்டோ விருந்துகளில் சொல்வான். முதல் தடவை கேட்டவர்கள் சிரித்தார்கள். பிறகு பிறகு, பாவம், தங்கள் தட்டைப் பார்த்தார்கள்.

நாலு வருடத்துக்கு முன்பு இரண்டு பேருக்கும் டெக்சஸ் கம்பெனிகளிலிருந்து கடிதம் வந்தது. வெவ்வேறு கம்பெனி. மான்டெர்ரேயில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு ஒரே காலையில் போய், அடுத்தடுத்த ஜன்னலில் நின்றார்கள். மூன்று நாடுகள் சேர்ந்து போட்ட வியாபார ஒப்பந்தத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள தொழிலாக இருந்து, அதற்கேற்ற பட்டமும் கம்பெனிக் கடிதமும் கையில் இருந்தால் டி.என். விசா கிடைத்துவிடும். நெரெய்தாவின் கடிதத்தில் 'இஞ்சினியர்' என்று போட்டிருந்தது. அவள் சிரித்துக்கொண்டே ஜன்னலை விட்டு நகர்ந்தாள். உபால்டோவின் கடிதத்தில், செய்யப் போவது என்னவோ பாலத்து வேலைதான், ஆனால் அந்தக் கம்பெனிக்காரன் ஸ்டைலாக இருக்கட்டும் என்று 'திட்ட ஒருங்கிணைப்பாளர்' என்று எழுதித் தொலைத்திருந்தான். ஜன்னலில் இருந்த பெண் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். அப்படி ஒரு தொழில் அதில் இல்லை.

"நான் இஞ்சினியர்தாங்க. பட்டத்தைப் பாருங்க."

"பட்டம் சரி சார். உங்களைக் கூப்பிடுற வேலைதான் பட்டியல்ல இல்லை."

கடிதத்தை மாற்றி வாங்குவதற்குள் கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு சொல். அந்தச் சொல் அடுத்த ஜன்னலில் விழுந்தது, இவன் ஜன்னலில் விழவில்லை. ஆகவே உபால்டோ மனைவியின் பெயர் போட்ட டி.டி. விசாவில், அவள் பெட்டிகளோடு பெட்டியாக, சான் அன்டோனியோ வந்து சேர்ந்தான்.

காலையில் எழுந்து அவளுக்கு உலர்ந்த மாட்டுக்கறியும் முட்டையும் வதக்கி, டோர்டியா ரொட்டியில் சுருட்டிக் கட்டிக் கொடுப்பான். ஆபீஸ் வாசலில் இறக்கிவிடுவான். சாயங்காலம் போய் அழைத்து வருவான். இதெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாதது அவள் பூட்ஸ். சைட்டுக்குப் போன நாட்களில் அவள் பூட்ஸைச் சமையலறைக் கதவோரம் கழற்றிப் போடுவாள். அதில் கரிசல் மண் அப்பியிருக்கும். அதைச் சுரண்டிக் கழுவுவதும் இவன் வேலைதான். இவ்வளவு ஈரம் என்றால் இவ்வளவு ஆழம் தோண்டியிருக்கிறார்கள், அஸ்திவாரம் தொடங்கிவிட்டது என்று மண்ணைப் பார்த்தே அவனுக்குத் தெரியும். அவன் கால் பட வேண்டிய மண். அவள் காலில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. பூட்ஸைப் பார்த்து வயிறெரிகிற ஆண்பிள்ளையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உபால்டோ அப்படி எரிந்தான்.

எந்த சைட், என்ன பாலம், ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் அவள் சொல்லுவாள். சொன்னால் கேட்க வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே இருக்கும் புளூதார்கோ வீட்டில் கறி சுடுவார்கள். புளூதார்கோ சால்டியோ ஊர்க்காரன், மாட்டு டாக்டர். அவனும் டி.என். விசாவில்தான் வந்திருந்தான். அவன் மகளுக்கு உபால்டோ ஞானத்தகப்பன். ஆகவே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த உரிமையில் புளூதார்கோ எதை வேண்டுமானாலும் பேசுவான்.

"என்ன கொம்பாத்ரே, மகாராணி இன்னிக்கு லீவு குடுத்துட்டாங்களா?"

"வாயை மூடிக்கிட்டுக் கறியைத் திருப்பு."

"மான்டெர்ரேக்காரன் கையைத் தூக்கி ஒரு பீர்கூட வாங்கித் தர மாட்டான், கஞ்சப்பய. ஆனா ரோஷம் மட்டும் கிலோக் கணக்குல இருக்கும். எதுக்குக் கோவப்படுற? பட்டியல்ல மாட்டு டாக்டர் இருக்கான், நீ இல்லை. ஒப்பந்தம் போட்டவனைப் போய்க் கேளு."

"மாட்டுக்குப் பின்னாடி கையை விடுறவனெல்லாம் பட்டியல்ல இருக்கான்னா, அந்தப் பட்டியல் எனக்கு வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நெரெய்தாவும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் உபால்டோவுக்குக் கணக்கில் ஏறியது.

புளூதார்கோ வீட்டுக்குப் போகிற வழியில் புதிதாகத் திறந்த ஒரு மேம்பாலம் உண்டு. கீழே சிக்னலில் நிற்கும்போது உபால்டோ கழுத்தை நீட்டி அதன் தூண்களைப் பார்ப்பான். மெலிந்த தூண், அதன் தலையில் இரண்டு பக்கமும் கை விரித்தாற்போல் பீம்.

"யார் போட்ட டிசைனோ தெரியல. கைதேர்ந்த ஆளு," என்று ஒருநாள் சொன்னான்.

நெரெய்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்படியா?" என்றாள்.

அவள் ஒரு தடவை கேட்டுப் பார்த்ததுண்டு. "எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கப் போறாங்க. கெஸ்லர்கிட்ட உன்னைப் பத்திச் சொல்லட்டுமா, குண்டு?" உபால்டோ ஒல்லிதான். செல்லத்துக்கு அவர்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கெஸ்லர் என்பவர் அவள் ஆபீஸின் தலைமை இஞ்சினியர், நரைத்த மீசைக்காரர், யாரையும் லேசில் பாராட்டாதவர்.

உபால்டோ கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுப் பேசினான். "உன் சிபாரிசுல எனக்கு ஒரு வேலையா? அதுக்கு நான் ஊருக்குப் போய்ச் சதுக்கத்துல சோளம் அவிச்சு வித்துக்கிறேன். உள்ள வந்தா என் பேனாவால வருவேன். பொண்டாட்டி வாலைப் பிடிச்சுக்கிட்டு வரமாட்டேன்."

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. சோளத்தை எதுக்கு இழுக்குற?"

அதன்பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து வரைபடச் சுருள் ஒன்றோடு வீட்டுக்கு வந்தாள்.

"வேலை தலைக்கு மேல கிடக்கு, குண்டு. இதை ஒரு தரம் செக் பண்ணிக் குடேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்னு கெஸ்லரே சொல்லிட்டாரு."

உபால்டோ மூஞ்சியைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கினான். அவள் குளிக்கப் போனதும் மேசையைத் துடைத்து, தாளை விரித்து, நான்கு மூலையிலும் உப்பு டப்பா, மிளகு டப்பா என்று கைக்குக் கிடைத்ததை வைத்தான். தாளின் ஓரத்தில் பாலத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டிய பட்டையை யாரோ கத்தரித்திருந்தார்கள். கம்பெனி ரகசியமாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

டிராயிங் செக் பண்ணுகிறவனுக்கு இரண்டு பேனா. சரியாக இருக்கும் எண்ணின் மேல் மஞ்சள் பூச வேண்டும். தப்பாக இருந்தால் சிவப்பில் வட்டம். ஒரு எண்ணைக்கூட விடக்கூடாது, ஏனென்றால் மஞ்சள் படாத எண் பார்க்காத எண். கடைசியில் தாள் முழுக்க மஞ்சளாகவும் நடுநடுவே சிவப்பாகவும் இருக்கும். மஞ்சள் பூசியவன் அந்த எண்ணுக்கு ஜவாப்தாரி. பாலம் விழுந்தால் முதலில் தேடுவது மஞ்சள் பூசியவனைத்தான் என்று அவர்கள் தொழிலில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

முதல் தாளில் நாலைந்து சிவப்பு வட்டம் போட்டான். அவள் அதைச் சுருட்டி எடுத்துப் போனாள். அடுத்தடுத்துச் சுருள்கள் வந்தன, ஒன்றைவிட ஒன்று கடினமாக. உபால்டோ ஒன்றையும் விடவில்லை. மத்தியானத்தில் சமையலறை மேசையில் உட்கார்ந்து மஞ்சள் பூசுகிற அந்த நேரத்தில் அவன் சந்தோஷமாக இருந்தான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். விசில்கூட அடித்தான்.

சந்தோஷத்தை அனுபவிக்கத் தெரியாத ஆட்கள் உண்டு. கையில் தேனை ஊற்றினால் நக்குவதற்கு முன் யார் வீட்டுத் தேன் என்று கேட்பார்கள். இலையுதிர் காலத்தில் நெரெய்தாவை ஒரு பெரிய சாலைச் சந்திப்பு மேம்பால வேலைக்குத் தலைவியாகப் போட்டார்கள். ஆபீஸில் கேக் வெட்டினார்கள். ஹெல்மெட்டோடு அவள் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். அன்றிலிருந்து உபால்டோவுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. சிவப்பு வட்டம் போட்டது நான். கேக் தின்றது அவள். என் கண்ணால் இவள் ஏறுகிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புளூதார்கோ பீர் பாட்டிலை உயர்த்தினான். "எங்க மகாராணிக்கு! அமெரிக்காக்காரனையே மேய்க்கப் போற பொண்ணு!" எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ உபால்டோவின் கையில் இடுக்கியைக் கொடுத்து, "கறி கருகுது, கொஞ்சம் பாத்துக்கோ," என்றார்கள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில், அந்த மேம்பாலத்தின் மேல் கார் ஏறும்போது, அவன் வாய்விட்டுக் கேட்டான்.

"ஆபீஸ்ல என்னைப் பத்தி யாருகிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"எதைப் பத்தி?"

"எதைப் பத்தின்னு கேக்குற. டிராயிங்கை யாரு பாக்குறாங்கன்னு."

நெரெய்தா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "சமயம் வரட்டும்," என்றாள்.

பொறாமைக்காரனுக்கு அந்தச் சிரிப்பு போதும். திருடி அகப்பட்டவள் மழுப்புகிற சிரிப்பு அது என்று முடிவு கட்டிவிட்டான். இரவெல்லாம் அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். அவள் குறட்டை விட்டாள், அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் அவள் கொண்டுவந்த சுருள் தனியாக, உறை போட்டு இருந்தது. அதை மேசையில் வைக்கும்போதே அவள் முகத்தில் ஒரு பதற்றம்.

"இதை மட்டும் நிதானமாப் பாரு, குண்டு. அவசரமே இல்லை. கெஸ்லர் நேரா பாக்கப் போறாரு."

"அப்படி என்ன இதுல?"

"முக்கியம். அவ்வளவுதான். எனக்கு ரொம்ப முக்கியம்."

எனக்கு என்றாள். உனக்கு என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் அவள் அப்போது உண்மையைச் சொல்ல முடியாத இடத்தில் இருந்தாள், அது பிறகு தெரியும்.

மறுநாள் மத்தியானம் உபால்டோ தாளை விரித்தான். தூணின் தலையில் உட்காரும் பீம். இரண்டு பக்கமும் கை விரித்தாற்போல் நீளும் பீம். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். சின்னச் சின்னதாக மூன்று தப்பு அகப்பட்டது, சிவப்பு வட்டம் போட்டான். மற்ற ஒவ்வொரு அளவும் சரி, ஒவ்வொரு கூட்டலும் சரி. எழுந்து காபி போடப் போனவன், பாதி வழியில் நின்றுவிட்டான். தாளில் ஏதோ ஒன்று கண்ணை உறுத்தியது.

திரும்பி வந்து உட்கார்ந்தான். பீமின் மேல்பக்கத்துக் கம்பி. நீளம் போதாததால் இரண்டு கம்பியின் முனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டி லாப் பண்ணியிருந்தார்கள், எல்லோரும் செய்வதுதான். லாப்பின் நீளம் சரி. எண்ணில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அந்த லாப் தூணுக்கு நேர் மேலே இருந்தது. இரண்டு பக்கத்துப் பாரமும் பிடித்து இழுக்கிற சரியான இடத்தில், எங்கே ஒரே கம்பியாக ஓட வேண்டுமோ அங்கே. எண்ணைப் பார்த்து மஞ்சள் பூசுகிறவர்கள் நூறு பேர் இதைத் தாண்டிப் போவார்கள். பாலத்தைப் பார்க்கிறவன்தான் நிற்பான்.

உபால்டோவின் நெஞ்சு நிமிர்ந்தது. நான்கு வருடத்தில் அப்படி நிமிர்ந்ததில்லை. "அடடா, மாட்டினியா!" என்று தாளிடம் சொன்னான். சிவப்புப் பேனாவை எடுத்துத் தாளில் வைத்தான்.

வைத்தவன் அப்படியே நிறுத்தினான்.

இந்த வட்டத்தைப் போட்டால் கெஸ்லர் மீசைக்குள் சிரிப்பார். நெரெய்தாவுக்கு இன்னொரு கேக். சுவரில் இன்னொரு படம். புளூதார்கோ இன்னொரு பாட்டிலை உயர்த்துவான், இவன் கையில் இடுக்கி இருக்கும். போடாவிட்டால்? யாரும் சாகப் போவதில்லை. கெஸ்லர் பார்ப்பார், மீசையைத் தடவுவார், இதைக்கூடவா கவனிக்கவில்லை என்று அவளை ஒரு வார்த்தை கேட்பார். ஒரே ஒரு வார்த்தை. அவளுக்கு வேலை போனால் இரண்டு பேரும்தான் பெட்டி கட்ட வேண்டும், அது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு தப்புக்கெல்லாம் வேலை போகாது என்றும் சொல்லிக்கொண்டான். போனால்தான் போகட்டுமே என்று அதற்கும் அடியில் ஒரு குரல் சொன்னது. தன் மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனத் தடை ஆக வேண்டும் என்பார்களே, உபால்டோ அந்த மத்தியானம் சமையலறையில் உட்கார்ந்து சொந்த மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரி யார் என்றால், அவன் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை அந்நேரம் ஆபீஸில் பிரித்துக்கொண்டிருந்தவள்.

சிவப்பை மூடி வைத்தான். மஞ்சளை எடுத்தான். லாப்பின் மேல் ஒரு இழுப்பு இழுத்தான். நேராக, அழகாக வந்தது.

சாயங்காலம் காரில் ஏறியதுமே அவள் கேட்டாள். "பாத்தியா? ஏதாவது கிடைச்சுதா?"

"மூணு சின்னது. மத்தபடி சுத்தம்."

"அவ்வளவுதானா? நல்லாப் பாத்தியா?"

"என் மேலயே சந்தேகமா? வேணும்னா நீயே பாத்துக்க."

"நான் பாக்கக் கூடாது," என்றாள். அதையும் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'பாக்க நேரமில்லை' என்று சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் உபால்டோ பிரமாதமாகச் சமைத்தான். சிவப்பு மிளகாயில் பன்றிக்கறி வைத்தான், அவள் அம்மா கைப்பக்குவத்தில். பூட்ஸைச் சொல்லாமலே கழுவினான். மனதில் குற்றம் இருக்கிறவன் வீட்டில் உப்பும் காரமும் சரியாக இருக்கும். இரண்டு தடவை சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தான். ஒரு தடவை அவள் போனில் ஆபீஸ் ஆளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள், மூடிக்கொண்டான். இன்னொரு தடவை எந்தக் காரணமும் இல்லை, சும்மாவே மூடிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை அவள் கையில் அந்தச் சுருளோடு ஆபீஸ் வாசலில் நின்றாள். காரில் ஏறினாள். வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். உபால்டோவுக்குப் பயமும் குஷியும் சேர்ந்து வந்தன. அடுப்பைப் பற்றவைத்து, கல்லில் இரண்டு ரொட்டியைப் போட்டான். முதுகைக் காட்டிக்கொண்டே, குரலில் அக்கறையை வரவழைத்துக் கேட்டான்.

"என்னாச்சு? கெஸ்லர் திட்டினாரா?"

"என்னை எதுக்குத் திட்டணும்?"

"அந்த டிராயிங்ல ஏதாவது..."

"உபால்டோ, திரும்பு."

குண்டு என்று சொல்லவில்லை. திரும்பினான். அவள் தாளை மேசையில் விரித்திருந்தாள். லாப் இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

"நீ இத்தனை நாளா பாத்தது எதுவும் இப்ப நான் செய்யுற வேலை இல்லை. அதையெல்லாம் ஆபீசை விட்டு வெளிய கொண்டுவர முடியாது. இதெல்லாம் கட்டி முடிச்ச பாலத்தோட, தப்பு திருத்தாத பழைய தாள். ஆள் எடுக்கிறதுக்குக் கெஸ்லர் வைக்கிற பரீட்சை."

"பரீட்சையா? யாருக்கு?"

"உனக்குத்தான். உன் பேனாவால வருவேன்னு சொன்னியே. அதான் உன் பேரைக்கூடச் சொல்லல. மான்டெர்ரேக்காரர் ஒருத்தர், ஒன்பது வருஷ அனுபவம், அவ்வளவுதான் சொன்னேன். ஒவ்வொரு தாளையும் பாத்துட்டு 'யாரும்மா இந்த ஆளு, எங்க இருக்காரு'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா சோளம் விக்கப் போறேன்னு கிளம்பியிருப்ப."

உபால்டோ நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"கடைசித் தாள்ல மட்டும் அவரே ஒரு தப்பை ஒளிச்சு வைப்பாரு. எங்கன்னு எனக்குக்கூடச் சொல்லல. இதுல லாப்பை நகத்தித் தூண் மேல வச்சிருந்தாரு. நீ அதைப் பிடிச்சிருந்தா திங்கட்கிழமை கடிதம். 'இஞ்சினியர்'னு போட்டு. நானே பக்கத்துல நின்னு அடிக்கச் சொல்லியிருப்பேன். விசாவுக்கு உன்கூட மான்டெர்ரே போக எனக்கு லீவுகூடக் கேட்டு வச்சுட்டேன்."

"இது எந்தப் பாலம்?" அவனுக்கு வேறு கேள்வி வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கீழ நின்னு அண்ணாந்து பாக்குறியே, அது. நான் இங்க வந்து போட்ட முதல் பாலம். எது என் பாலம்னு நாலு வருஷத்துல நீ ஒருநாளாவது கேட்டிருக்கியா?"

கைதேர்ந்த ஆளு என்று அவன் சொன்னதும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியதும் இப்போது ஞாபகம் வந்தது.

"கெஸ்லர் வருத்தப்பட்டாரு," என்றாள். "'நல்ல கண்ணு, கடைசியில அசந்துட்டாரு, இந்த இடத்துல அசந்தவரை எடுக்க முடியாதே'ன்னாரு. அதுக்கப்புறம்தான் அது என் புருஷன்னு சொன்னேன். எனக்கு ஒண்ணு தெரியணும். நீ இதைக் கவனிக்கலையா? இல்ல, கவனிச்சுட்டு விட்டியா?"

உபால்டோ வாழ்க்கையில் தப்பை ஒப்புக்கொண்டவன் இல்லை. மோசமான இஞ்சினியர் என்று பேர் வாங்குவதைவிடச் செத்துப்போகலாம் என்பவன். ஆனால் மோசமான புருஷன் என்று அந்த முகத்தின் முன்னால் நிற்பது அதைவிடப் பெரிய சாவாகத் தெரிந்தது.

"கவனிக்கல," என்றான். "அசந்துட்டேன்."

நெரெய்தா தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். லாப்பின் மேல் நேராக, அழகாக, மஞ்சள் கோடு. அதற்கு அடியில், பேனா முனை அளவுக்கு, ஒரு சிவப்புப் புள்ளி.

"கெஸ்லருக்கு இது பிரிண்டர் சிந்தின மசி. எனக்கு அப்படித் தெரியல. நீ சிவப்பை எடுத்து வச்சிருக்க. வச்சுட்டு நிறுத்தியிருக்க. நிறுத்தி யோசிச்சிருக்க." அவள் தாளை இறக்கினாள். "என்ன யோசிச்ச, உபால்டோ? நான் மாட்டிக்கணும்னு தானே?"

அவன் பார்வை அவள் பூட்ஸுக்கு இறங்கியது.

"திங்கட்கிழமை போய்ச் சொல்லவா? 'அவரு கெட்டிக்காரர்தான் சார், பாத்துட்டாரு, என்னைக் கவுக்கிறதுக்காக விட்டாரு'ன்னு சொல்லவா? சொன்னா நீ இஞ்சினியர்னு நம்புவாரு. வேலை குடுப்பாரா?"

"சொல்லாத," என்றான் உபால்டோ. "அசந்துட்டான்னே இருக்கட்டும்."

"இருக்கட்டும். இனிமே நான் எந்தத் தாளையும் கொண்டுவரப் போறதில்லை." அவள் தாளைச் சுருட்டினாள். சுருட்டும்போது அழுதாள், துடைத்துக்கொள்ளவில்லை. "இன்னொருத்திக்கும் இதே தாளைக் குடுத்திருந்தாரு. டோர்ரெயோன் ஊர்ப் பொண்ணு. காலேஜ் முடிச்சு ரெண்டு வருஷம்தான் ஆகுது. அவளுக்குக் கடிதம் குடுத்தாச்சு. அடுத்த வாரம் விசாவுக்குப் போறா."

மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரம் அது. கேட்கத்தான் வாயைத் திறந்தான்.

"அவ அந்த லாப்பைப் பிடிச்சாளா?"

நெரெய்தா அவனையே பார்த்தாள். முகத்தில் அதுவரை இருந்த கோபம்கூட இப்போது இல்லை.

"பிடிச்சா," என்றாள். "பெரிசா, சிவப்புல வட்டம் போட்டிருந்தா."

அந்த நேரத்திலும் உபால்டோவுக்கு வயிறு எரிந்தது. பின்னால் அடுப்பில் இரண்டு ரொட்டியும் கருகிக்கொண்டிருந்தன. அதை அவன் நிஜமாகவே கவனிக்கவில்லை.